ஆளுக்கொரு பேச்சு பேசினால் நோய்க்குத்தான் கொண்டாட்டம்

உண்ணல் கோளாறு உள்ளவர்களைப் பார்க்கும் ஒரு மருத்துவக் குழுவில் டயட்டீஷியனாக இருக்கிறேன். இது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளைச் சுருக்கி, என் பதில்களோடு தருகிறேன்.

என் மகளுக்கு 16 வயது. எட்டு மாதமாகச் சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து எலும்பும் தோலுமாகிவிட்டாள். வயிறு உப்புசம் என்றாள், எண்டோஸ்கோபி எடுத்தோம், நார்மல். மாதவிலக்கு நின்றதற்கு மாத்திரை கொடுத்தார்கள். இப்போது அனோரெக்சியா (எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் நோய்), நான்கு பேரைப் பாருங்கள் என்கிறார்கள். ஒரு பெண்ணைச் சாப்பிட வைக்க நான்கு பேரா மேடம்?

உங்கள் அலுப்பு புரிகிறதும்மா. எங்களிடம் வருபவர்களில் நிறையப் பேர் நீங்கள் வந்த இதே வழியில்தான் வருகிறார்கள். உப்புசம் பொய்யில்லை. சாப்பாடு குறைந்தால் இரைப்பை காலியாவதும் மந்தமாகும், நாலு வாயிலேயே வயிறு நிறைந்துவிடும். அது நோயின் விளைவு, காரணம் இல்லை. மாத்திரையால் மாதவிலக்கு வந்தால் உடம்பு தேறிவிட்டது என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, நான்கு பேர் எதற்கு? பொது மருத்துவர் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஈசிஜி, ரத்த உப்புகளைப் பார்ப்பார். மனநல மருத்துவர் நோயை உறுதி செய்வார், கூடவே மனச்சோர்வோ தற்கொலை எண்ணமோ இருக்கிறதா என்று கவனிப்பார். உளவியலாளர் உங்கள் மகளோடும் உங்களோடும் பேசுவார். என்ன, எவ்வளவு, எத்தனை வேளை என்பது என்னைப் போன்றவர்கள் வேலை. ஐந்தாவது ஆளை விட்டுவிட்டீர்களே, நீங்கள்தான் அது.

நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தால் சரியாகிவிடும்தானே? அதற்கு ஏன் அட்மிட் செய்யச் சொல்கிறார்கள்?

ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு முதல் சில நாள் சாப்பாடே ஆபத்தாகலாம். மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் ஏறும். ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் ஓடிவிடும். ரத்தத்தில் அவை சட்டென்று விழுந்தால் இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சுத் தசை தளரும். இரண்டாம் உலகப் போர் முடிந்து விடுவிக்கப்பட்ட கைதிகள் சிலர் சாப்பாடு கிடைத்த பிறகு இறந்தது இப்படித்தான். அதனால் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்குத் தயமின் என்ற பி1 வைட்டமின் கொடுத்து, ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து அளவை ஏற்றுகிறோம். அதற்காகப் பயந்து கொஞ்சமாகவே கொடுத்துக்கொண்டிருந்தாலும் தப்பு. எவ்வளவு வேகம் என்பதை மருத்துவரும் டயட்டீஷியனும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, எழுந்து நிற்க முடியாத பலவீனம் என்று வந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

என் தங்கை நாள் முழுக்கச் சமையல் வீடியோ பார்க்கிறாள். எங்களுக்கு விதவிதமாகச் செய்து பரிமாறுகிறாள். அவள் தொடுவதில்லை. நடிக்கிறாளா?

இல்லை. பட்டினியே மூளையை அப்படி ஆக்கும். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்தார். அவர்களுக்கு இந்த நோய் கிடையாது. ஆனாலும் சமையல் புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்தார்கள், சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லை, எரிச்சல், சோர்வு. உளவியலாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், பட்டினி மூளையில் அவர் பேச்சு இறங்குவது கஷ்டம். அதனால்தான் சாப்பாடு பிறகு பார்க்கலாம், மனசு முதலில் என்று தள்ளிப்போடுவதில்லை.

கல்லூரி மாணவன். நிறையச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கிறேன். எடை சரியாகத்தான் இருக்கிறது, வீட்டில் தெரியாது. கவுன்சலர் ஒருவர் மட்டும் போதுமா அக்கா?

எழுதியதே பெரிய விஷயம் தம்பி. பசங்களுக்கும் இது வரும், எடையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நீ சொல்வது போல நிறையச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கும் நோய்க்குப் புலிமியா என்று பெயர். அதற்கு அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, அதாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சு சிகிச்சை, நன்றாக வேலை செய்கிறது, சுமார் 20 அமர்வுகள். சிலருக்கு ஃப்ளூவாக்ஸிடின் மாத்திரையும் உதவும், அதை மனநல மருத்துவர்தான் தர வேண்டும். ஆனால் இந்த வாரமே பொட்டாசியமும் ஈசிஜியும் பார்த்துவிடு. வாந்தியால் பொட்டாசியம் இறங்குவது வெளியே தெரியாது, இதயத்துக்குத்தான் தெரியும். வாந்தி எடுத்ததும் பல் துலக்காதே, அமிலம் பட்ட எனாமல் இன்னும் தேயும், வெறும் தண்ணீரில் கொப்பளி. யாரிடமும் சொல்ல முடியாத ராத்திரி வந்தால் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்கு, 14416க்கு, போன் செய். இலவசம், தமிழிலும் பேசலாம்.

குழு என்று இருந்தும் தேறாமல் போவது ஏன்?

இதற்கு எங்கள் கதையையே சொல்கிறேன். ஒரு பெண்ணுக்குத் தயிர்சாதத்தில் ஒரு ஸ்பூன் நெய் சேர்க்கச் சொல்லியிருந்தேன். அந்த ஒரு ஸ்பூனுக்கு மூன்று வாரம் ஆனது. அந்தச் சமயம் வந்த ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் அதிகம். அனோரெக்சியாவில் இப்படி ஏறுவது சகஜம், சாப்பிடச் சாப்பிட இறங்கும். அது தெரியாத ஓர் இளம் மருத்துவர் ரவுண்ட்ஸில், "எண்ணெய், நெய்யெல்லாம் கொஞ்சம் பார்த்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். மறுநாள் கிண்ணத்தில் நெய் உறைந்து அப்படியே இருந்தது. "டாக்டரே வேண்டாம்னுட்டார்" என்றாள். அந்த வாக்கியத்தை உடைக்க எங்களுக்கு ஒன்றரை மாதம் பிடித்தது.

அதன் பிறகு ஒரு விதி வைத்தோம். சாப்பாட்டைப் பற்றி நான் மட்டும் பேசுவேன். எடையைப் பற்றி ஒரு நர்ஸ் மட்டும். வேறு யாரிடம் கேட்டாலும், "அவங்ககிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பதே பதில். திங்கட்கிழமை அரைமணி நேரம் எல்லோரும் உட்கார்ந்து அவரவர் கேட்டதை ஒப்பிட்டுப் பார்ப்போம். என்னிடம் ஒன்று, உளவியலாளரிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று என்று நோய் பேசியிருக்கும். பிள்ளை பொய் சொல்கிறாள் என்று நாங்கள் எழுதுவதில்லை, அவளுக்கு இருக்கும் பயம் அப்படிப் பேச வைக்கிறது.

அப்பா நான். துபாயில் வேலை. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைக்கிறாள். வளர்ந்த பெண்ணை இப்படி வற்புறுத்தலாமா?

வளரிளம் பருவத்து அனோரெக்சியாவுக்கு இதுவே முறையான சிகிச்சை சார். லண்டனில் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவானது. முதல் கட்டத்தில் சாப்பாட்டுப் பொறுப்பு முழுக்கப் பெற்றோரிடம். எடை ஏற ஏறப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுப்பது இரண்டாவது. படிப்பு, நட்பு என்று வயதுக்குரிய வாழ்க்கைக்குத் திரும்புவது மூன்றாவது. இரண்டு இட்லிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்த அம்மாவைப் பார்த்திருக்கிறேன். திட்டவில்லை, கெஞ்சவில்லை, எழுந்தும் போகவில்லை. நீங்கள் வீடியோ காலில் "பாவம், விடேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

எங்கள் ஊரில் குழுவெல்லாம் கிடையாது.

நீங்களே சேர்க்கலாம். அரசின் மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவர் இருப்பார். பக்கத்தில் ஒரு பொது மருத்துவர், வீடியோவில் உளவியலாளரும் டயட்டீஷியனும். ஒரு நோட்டு போட்டு, யார் என்ன சொன்னாலும் அதில் எழுத வைத்து, அடுத்தவரிடம் காட்டுங்கள். யாராவது ஒருவர் தலைமை ஏற்க வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். காப்பீடு பற்றி இன்னொருவர் கேட்டிருந்தார்: 2017 மனநலச் சட்டப்படி மற்ற நோய்களைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும்.

சஷ்டி விரதம் இருக்கலாமா?

இந்த வருடம் வேண்டாம். பாட்டி கேட்டால் டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள்.

வீட்டில் இருக்கும் எடை மெஷினை என்ன செய்ய?

பரணில் போட்டால் ஏறி எடுத்துவிடுவார்கள். பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள்.