ஜாம் புட்டியில் ஓர் உண்ணி

வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். என் மகள் நுண்ணுயிரியலில் ஆனர்ஸ் முடிக்கப் போகிறாள். அடுத்து, உண்ணி பரப்பும் பாக்டீரியாக்களை ஆராயப் போகிறாளாம். பார்மசி படி என்கிறார் அவள் அப்பா. ஒரு பூச்சிக்காக வாழ்நாளையே கொடுக்கலாமா? போன மாதம் ஹ்லுஹ்லுவே வனவிலங்குக் காட்டுக்குப் போய்வந்த தம்பி மகனுக்குக் காலில் மூன்று இடத்தில் கறுப்புப் பொருக்கு, காய்ச்சல், கழுத்து வலி. கடித்துக்கொண்டிருந்த உண்ணிகளை ஆயா பாரஃபின் (மண்ணெண்ணெய்) ஊற்றி எடுத்தார். மூன்றாம் நாள் செய்த இரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. இணையத்தில் தேடினால் லைம் நோய் என்கிறது. தமிழ்நாட்டுச் செய்திகளில் வரும் உண்ணிக் காய்ச்சலும் இதுதானா? அவன் காற்சட்டையில் ஒட்டியிருந்த ஓர் உண்ணியை மகள் ஜாம் புட்டியில் போட்டுச் சமையலறை சன்னலில் வைத்திருக்கிறாள். பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

ம.


அன்புள்ள அக்கா,

உண்ணி பூச்சியே அல்ல. வளர்ந்ததற்கு எட்டுக் கால். சிலந்திக்கும் தேளுக்கும் சொந்தம். மகள் காதுபட இன்னொரு முறை பூச்சி என்று சொல்லிவிடாதீர்கள்.

ஆயாவை நான் திட்டினால் நன்றாக இருக்காது, அதனால் உங்களைத் திட்டுகிறேன். படித்த பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு பாரஃபின் ஊற்றப் பார்த்துக்கொண்டா இருந்தீர்கள்? பாரஃபின், வாசலின், தீக்குச்சி எல்லாம் உண்ணியைத் தொந்தரவு செய்யும், அவ்வளவுதான். தொந்தரவு பட்ட உண்ணி உமிழ்நீரைக் காயத்துக்குள்ளேயே கக்கக்கூடும். மெல்லிய முனைச் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, முறுக்காமல், வயிற்றை நசுக்காமல், சீராக மேலே இழுக்க வேண்டும். ஹ்லுஹ்லுவேயில் ஏறுகிற போன்ட் உண்ணிக்கு வாய் நீளம், ஆழமாகப் பதியும். அதனால் நிதானமாக இழுக்க வேண்டும். வாய் முறிந்து உள்ளே நின்றுவிட்டால் அதைத் தோண்டிப் புண்ணாக்காதீர்கள். கழுவிவிட்டு விடுங்கள்.

பையனுக்கு வந்தது லைம் அல்ல. லைம் இந்த நாட்டு நோயாக நிறுவப்படவே இல்லை. ஒரே நேரத்தில் பல பொருக்கு, கழுத்துத் தசையில் வலி, காட்டுப் பயணம் என்று மூன்றும் சேர்ந்தால் முதலில் நினைக்க வேண்டியது ரிக்கெட்சியா ஆஃப்ரிக்கே என்ற பாக்டீரியா. ஆப்பிரிக்க உண்ணிக்கடிக் காய்ச்சலைத் தருவது அதுதான். மூன்றாம் நாள் இரத்தத்தில் எதைத் தேடினார்கள்? எதிர்ப்பொருளையா? அது தலைகாட்ட வாரக் கணக்காகும். பொருக்கின் அடியில் பஞ்சுக் குச்சியால் துடைத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு அனுப்பியிருந்தால் விடை கிடைத்திருக்கும். முடிவு வரட்டும் என்று மருந்தைத் தள்ளிப்போடுவதும் தவறு. சந்தேகம் வந்ததுமே டாக்சிசைக்ளின் தொடங்குவதுதான் வழக்கம். இன்னும் காய்ச்சல் இருந்தால் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நாய் உண்ணி வழியாக வரும் ரிக்கெட்சியா கோனோரை இதைவிடக் கொடியது, ஆளையே கொல்லக்கூடும்.

தமிழ்நாட்டுச் செய்தியில் வருவது ஸ்க்ரப் டைபஸ். அதன் கிருமி ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. கடிப்பது உண்ணியும் அல்ல, கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிற்றுயிரின் இளம்பருவம். பத்திரிகைக்காரர்கள் பெயரைக் குழப்பி வைத்தார்கள். அதை இனி யார் திருத்துவது!

மகளைப் பற்றி. சம்பளக் கணக்கை அவள் அப்பாவே போட்டுக்கொள்ளட்டும், அதில் நான் தலையிடவில்லை. கால்நடை பக்கம் வேலை இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். மாடு, ஆடுகளின் ஹார்ட்வாட்டர் நோயைப் பரப்புவதும் இதே போன்ட் உண்ணிதான். அதை 1900-இல் கேப்பில் லவுன்ஸ்பரி காட்டினார். கிருமியை 1925-இல் கௌட்ரி கண்டார். இன்றும் அதற்கு ஒண்டர்ஸ்டபூர்ட் கால்நடை மருந்து நிறுவனம் தருவது உயிருள்ள கிருமி கொண்ட ஆட்டு இரத்தத்தை உறையவைத்த தடுப்பு மருந்து. அதை நரம்பில் ஏற்றி, காய்ச்சல் ஏறியதும் டெட்ராசைக்ளின் கொடுத்து அடக்க வேண்டும். பிந்தினால் மாடு போய்விடக்கூடும். இதைவிட நல்ல தடுப்பு மருந்துக்கு ஆள் தேவைப்படாமலா போகும்?

ஆனால் நீங்கள் கேட்டது வாழ்நாளைப் பற்றி. அதற்கு உண்ணி ஆய்வாளர் வில்லி புர்க்டோர்ஃபரைத்தான் சொல்ல வேண்டும். 1925-இல் சுவிட்சர்லாந்தின் பாசலில் பிறந்தவர். மாணவராக இருந்தபோது அவர் கையில் கொடுத்தது நம் ஆப்பிரிக்காவின் ஆர்னிதோடோரஸ் மூபாட்டா உண்ணி, மீள்காய்ச்சலை உண்டாக்கும் சுருள் பாக்டீரியாவைச் சுமப்பது. கிருமி எந்த நாளில் எந்த உறுப்பில் இருக்கிறது என்று உண்ணி உண்ணியாக அறுத்துப் பார்த்தார். பிறகு அமெரிக்காவில் மொன்டானாவின் ராக்கி மவுண்டன் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் புள்ளிக்காய்ச்சல் ரிக்கெட்சியாவோடு காலம் போயிற்று.

அங்கே அவர் பழக்கப்படுத்திய சோதனையை உங்கள் மகள் கட்டாயம் கற்க வேண்டும். உயிருள்ள உண்ணியை 70 சதவீத ஆல்கஹாலில் கழுவி, நீரில் அலசி, ஈரம் போக ஒற்ற வேண்டும். நுண்கத்தரியால் ஒரு காலின் நுனிக் கணுவை மட்டும் வெட்டினால் குண்டூசித் தலையைவிடச் சிறிய துளி வரும். அதைக் கண்ணாடிச் சில்லில் ஒற்றி, உலர்த்தி, லேசாகச் சூடுகாட்டி, கிமெனெஸ் சாயம் ஏற்ற வேண்டும். முதலில் கார்போல் ஃபுக்சின், பிறகு சில வினாடிகள் மலகைட் பச்சை. பச்சைப் பின்னணியில் உயிரணுக்களுக்குள் சிவப்புக் குச்சிகள் தெரிந்தால் ரிக்கெட்சியா.

தவறுகிற இடங்கள் மூன்று. ஃபுக்சினை வடிகட்டாமல் விட்டால் சாயத்துகளே கிருமிபோல் காட்சி தரும், புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது இதில் ஏமாறுவார்கள். பச்சையை அதிக நேரம் வைத்தால் சிவப்பு மங்கிப்போகும். காலை உடலோடு ஒட்ட வெட்டினால் திரவமெல்லாம் வடிந்து உண்ணி செத்துவிடும். நுனியோடு நிறுத்தினால் அது பிழைத்திருக்கும், மறுநாள் இன்னொரு கால் மிச்சமிருக்கும். ஒரே உயிரை மீண்டும் மீண்டும் கேள்வி கேட்கலாம். இந்தச் சோதனையின் அழகே அதுதான்.

1981 இலையுதிர் காலத்தில் நியூயார்க் பக்கத்து ஷெல்டர் தீவிலிருந்து உண்ணிகள் வந்தன. தேடியது ரிக்கெட்சியாவை. கால் துளியில் அது இல்லை. ஓரிரு உண்ணிகளில் மட்டும் நுண்புழுக்கள் நெளிந்தன. ரிக்கெட்சியா இல்லை என்று ஏட்டில் எழுதிவிட்டுப் புட்டியை மூடியிருக்கலாம், கேட்க ஆளில்லை. புழுவின் மற்றப் பருவங்கள் உள்ளே இருக்குமா என்று அவர் உடலையே திறந்தார். குடல் பூச்சில் சரியாகச் சாயம் ஏறாத, நீண்ட, ஒழுங்கில்லாத சுருள்கள். வேறொருவர் அழுக்கு என்று துடைத்திருப்பார். பாசலில் ஆப்பிரிக்க உண்ணியை அறுத்த கண் அவற்றை அடையாளம் கண்டுகொண்டது. லைம் நோயாளிகளின் சீரம் அந்தச் சுருள்களோடு வினைபுரிந்தது. 1982-இல் வெளியிட்டார்கள். 1984-இல் அந்தக் கிருமிக்கு பொரீலியா புர்க்டோர்ஃபெரி என்று பெயர் வைத்தார்கள்.

எனக்குக் கோபம் வருகிற இடம் இது. இன்று உண்ணியைப் பறித்ததும் ஆல்கஹாலில் போட்டு, அரைத்து, பிசிஆர் வைத்துவிடுகிறார்கள். பிசிஆரை நான் குறை சொல்லவில்லை, சற்று முன் நானேதான் கேட்டேன். ஆனால் ரிக்கெட்சியாவின் மரபணுவை மட்டும் பிடிக்கிற பிரைமர் போட்டவன் கண்ணில் அதே குழாயில் கிடக்கிற சுருள் படாது. தேடப் போனதைத் தவிர வேறெதையும் அது காட்டித் தராது. அரைத்த பிறகு குடலில் இருந்ததா, உமிழ்நீர்ச் சுரப்பியில் இருந்ததா என்றும் கேட்க முடியாது. சுரப்பியில் இருந்தால் கடிக்கும்போது மனிதனுக்குள் போகும். குடலில் கிடப்பது முன்பு குடித்த மாட்டு இரத்தத்தின் மிச்சமாகவே இருக்கலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் ‘இந்த உண்ணி இந்த நோயைப் பரப்புகிறது’ என்று கட்டுரை எழுதுகிறவர்களை என்ன செய்வது? சேரும் ஆய்வகத்தில் உண்ணியை அறுக்கக் கற்றுத் தருவார்களா என்று உங்கள் மகள் முதல் நாளே கேட்கட்டும். இல்லை என்றால் வேறு இடம் பார்க்கட்டும்.

அப்பா கவலைப்பட வேண்டியது ஒன்று உண்டு. ரிக்கெட்சியாவுக்குத் தன் பெயரைத் தந்த ஆய்வாளர் ரிக்கெட்ஸ் 1910-இல் மெக்சிகோவில், தான் ஆராய்ந்த டைபஸ் நோயிலேயே இறந்தார். ரிக்கெட்சியாவை உயிரணுக்களில் பெருக்குகிற வேலை மூன்றாம் நிலைப் பாதுகாப்பு அறையில்தான் நடக்க வேண்டும். அதையும் கேட்கச் சொல்லுங்கள்.

அந்தப் புட்டியை இன்றே சன்னலிலிருந்து எடுங்கள். அருவருப்புக்காக அல்ல, வெயிலில் உண்ணி காய்ந்து செத்துவிடும். உள்ளே ஈரமான வடிதாள் துண்டு ஒன்று போதும். நீர் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும். மூடிக்குப் பதில் நெருக்கமான துணியை இரட்டையாகக் கட்டி, ஒட்டுநாடா மேல் நாளும் இடமும் எழுதி, நிழலான அலமாரியில் வைக்கட்டும். வெறும் விரலால் தொட வேண்டாம். ஃப்ரீசரில் வைத்துத் தொலைக்கவும் வேண்டாம். எட்டுக் காலும் அதற்கு இன்னும் இருக்கிறதல்லவா?