லண்டன்ல இருந்து ஒரே நாள்ல சாட்ஸ்வொர்த் - போய்ட்டு வரலாம்ங்க

அம்மாவுக்கு முட்டி வலி, கூட நாலு வயசுப் பையன், கார் இல்லை, சாட்ஸ்வொர்த்துக்கு (டெர்பிஷயர்ல டெவன்ஷயர் டியூக் குடும்பத்தோட பெரிய மாளிகை) ஒரே நாள்ல போய்ட்டு வர முடியுமான்னு கேட்டிருந்தீங்க. தாராளமா போலாம். செயின்ட் பான்க்ராஸ்ல காலைல சீக்கிரமே ட்ரெயின் புடிங்க, செஸ்டர்ஃபீல்டுக்கு சுமார் ரெண்டு மணி நேரம், அங்கேருந்து பஸ்ஸுக்கு நிக்காம டாக்ஸில போய்டுங்க, காசு போனாலும் அம்மா கால் தப்பிக்கும்.

ட்ரெயின் டிக்கெட்டை முன்னாடியே போட்டுடுங்க, அன்னைக்குப் போய் எடுத்தா விலை கண்ணைக் கட்டும். வீட்டுக்குள்ள படி ஜாஸ்தி, அதனால வீல்சேர் வேணும், படி ஏறாம போக வழி வேணும்னு முன்னாடியே கேட்டு வைங்க. தோட்டமே 105 ஏக்கர், எல்லாத்தையும் பாக்கணும்னு அடம்புடிக்காதீங்க!

உள்ள ஒரு கதவுல வயலின் தொங்கும், கிட்டப் போனா வெறும் பெயின்டிங், பையன்கிட்ட சொல்லாம விட்டுப் பாருங்க. வெளிய எம்பரர் ஃபவுண்டன், 1844ல ரஷ்ய ஜார் (சக்கரவர்த்தி) வருவாருன்னு இங்க தலைமைத் தோட்டக்காரரா இருந்த பாக்ஸ்டன் கட்டினது, மேல மலை ஏரித் தண்ணி இறங்கற வேகத்துலயே பீச்சி அடிக்குது, பம்ப்பே கிடையாது, ஆனா ஜார் கடைசி வரைக்கும் வரவே இல்ல பாவம்.

அம்மாவுக்கு இன்னொன்னு சொல்லுங்க, நம்மூரு பச்சைப்பழத்தோட கேவண்டிஷ்ங்கற பேரு இந்த வீட்டுக் குடும்பப் பேருதான், 1830கள்ல பாக்ஸ்டன் இங்கதான் கண்ணாடி வீட்டுல வளர்த்தாரு. பையனுக்கு பண்ணையும் ப்ளேகிரவுண்டும் இருக்கு, அதைக் கடைசியா வைங்க, முதல்லயே காட்டினா அங்கேருந்து நகர மாட்டான்.