வாசகர் கேள்வி: இந்தியக் கணக்கைக் கேட்ட ஹென்றி ஃபாசெட்

கேள்வி: காங்கிரஸ் தொடங்குவதற்கு முன்பே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இந்தியாவுக்காகப் பேசிய, கண் தெரியாத ஒருவர் இருந்தாராமே, யார் அவர்?

பதில்: ஹென்றி ஃபாசெட். 1833-இல் சாலிஸ்பரியில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தார். வக்கீலாகி, பிறகு நாடாளுமன்றத்துக்குப் போவது என்பது அவர் திட்டம். 1858 செப்டம்பரில் அப்பாவோடு கௌதாரி சுடப் போன இடத்தில், அப்பாவின் துப்பாக்கி ரவைகள் சிதறி மகனின் இரண்டு கண்களும் போய்விட்டன. அப்போது வயது 25. எடுத்த காரியத்தை விடுவதில்லை என்று பத்து நிமிடத்துக்குள் முடிவு செய்துவிட்டதாகப் பிற்பாடு சொன்னார். 1863-இல் கேம்பிரிட்ஜில் பொருளாதாரப் பேராசிரியர், 1865-இல் பிரைட்டன் எம்.பி.

கண்ணை இழந்தும் சாதித்தார் என்பதோடு பலர் அவர் கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அவர் கேட்ட கேள்விதான். 1867-இல் துருக்கி சுல்தான் லண்டன் வந்தபோது, இந்தியாவின் நிர்வாகத்தைக் கவனித்த அங்குள்ள இந்தியா அலுவலகத்தில் நடன விருந்து வைத்தார்கள். செலவை இந்தியாவின் வருவாயில் எழுதினார்கள். அதற்கு முந்தின வருஷம்தான் ஒரிசாவில் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்திருந்தார்கள். விருந்து வைத்தவர் ஒருவர், பணம் கொடுப்பவர் வேறொருவரா என்று எதிர்த்தவர் ஃபாசெட். அபிசீனிய (இன்றைய எத்தியோப்பியா) படையெடுப்பின் செலவில் ஒரு பங்கை இந்தியாவின் தலையில் கட்டியபோதும் எதிர்த்தார்.

இந்திய வரவு செலவு சபைக்கு வருவதே கூட்டத்தொடரின் கடைசி நாட்களில்தான். பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். அந்தக் காலி பெஞ்சுகளுக்கு நடுவே எழுந்து நின்று, குறிப்பைப் பார்க்க வழியில்லாததால், பிறர் வாசித்துக் காட்டிய கணக்கை மனதிலிருந்தே எடுத்துப் பேசுவார். 1871-இல் இந்திய நிதியை விசாரிக்கக் குழு அமைந்தது. அதில் இவரும் உறுப்பினர். தாதாபாய் நௌரோஜி 1873-இல் சாட்சி சொன்னது அந்தக் குழுவின் முன்புதான். 1874-இல் பிரைட்டனில் தோற்று ஹேக்னியில் நின்றபோது, தேர்தல் செலவுக்கு இந்தியாவிலிருந்து வசூல் செய்து அனுப்பினார்கள். இத்தனைக்கும் அவர் இந்தியாவில் காலடி வைத்ததே இல்லை!

கேள்வி: தபால் துறைக்கு அவர் என்ன செய்தார்?

பதில்: சேமிப்புக் கவுன்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இதைப் பற்றிச் சொல்லச் சந்தோஷமாக இருக்கிறது. 1880-இல் பிரதமர் கிளாட்ஸ்டன் அவரைத் தபால்துறைத் தலைவர் ஆக்கினார். அப்போது சேமிப்பு வங்கியில் ஒரு ஷில்லிங்குக்குக் குறைந்து போட முடியாது. கூலிக்காரனுக்கு அது பெரிய தொகை. ஃபாசெட் ஒரு சீட்டு கொண்டுவந்தார்: ஒரு பென்னி தபால்தலையாக வாங்கி அதில் ஒட்டிக்கொண்டே வரலாம், பன்னிரண்டு சேர்ந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தால் கணக்கில் ஒரு ஷில்லிங் ஏறிவிடும். ஏழையிடம் காசு எப்படிச் சேரும் என்று புரிந்த ஒருவரால்தான் இப்படி யோசிக்க முடியும். அப்புறம் 1883-இல் பார்சல் தபால் தொடங்கியது. பெண்களுக்குத் துறையில் வேலை தருவதிலும் முனைப்பாக இருந்தார்.

கேள்வி: பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிய மில்லிசென்ட் ஃபாசெட் இவருக்கு உறவா?

பதில்: மனைவி. 1867-இல் கல்யாணம். அந்த அம்மாள்தான் அவருக்கு வாசித்தும் எழுதியும் கொடுத்தார். 1884-இல் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு ஒரு திருத்தம் வந்தது. கிளாட்ஸ்டன் அரசு அதை எதிர்த்தது. அரசில் இருந்துகொண்டே ஃபாசெட், திருத்தத்துக்கு எதிராக ஓட்டுப் போடாமல் விலகி நின்றார். கிளாட்ஸ்டனுக்குக் கோபம், பதவியைப் பறிக்கவில்லை, அவ்வளவுதான். துணிந்து ஆதரித்தே போட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதே வருஷம் நவம்பரில், 51 வயதில் இறந்தார். ஆண்களுக்குச் சமமான ஓட்டுரிமை பெண்களுக்கு 1928-இல் கிடைத்தது. மில்லிசென்ட் அதைப் பார்த்துவிட்டு, மறு வருஷம் காலமானார்.