கைக்குழந்தையோடு படகில் ஏறலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் படகும் பிள்ளையும்தான். பல வருடங்களாக நீர்மீட்புப் பயிற்சி கொடுத்துவருகிறேன். இந்த முறை வந்தவற்றில், பலருக்கும் பயன்படும் என்று தோன்றிய சிலவற்றை எடுத்துக்கொண்டேன்.

எங்கள் குழந்தைக்கு ஐந்து மாதம். அடுத்த மாதம் சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். அப்படியே பிச்சாவரம் போய் துடுப்புப் படகில் ஒரு சுற்று வரலாம் என்கிறார்கள். ஆழமில்லாத தண்ணீர்தானே, குழந்தையையும் தூக்கிக்கொண்டு போகலாமா? (வாசகி, விருத்தாசலம்)

நீங்கள் போங்கள், குழந்தை வேண்டாம். பாட்டியோ சித்தியோ குழந்தையோடு கரையில் இருக்கட்டும். இரண்டு குழுவாகப் பிரிந்து மாறி மாறிப் போய்வாருங்கள்.

நான் வயதைவிட எடையைத்தான் முதலில் கேட்பேன். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 18 பவுண்டுக்குக் குறைவான, அதாவது ஏறத்தாழ 8 கிலோ எட்டாத குழந்தைகளை உல்லாசப் படகில் ஏற்ற வேண்டாம் என்கிறது. அந்த அளவு உடம்பில் சரியாக நிற்கிற லைஃப் ஜாக்கெட் கிடைப்பது கடினம் என்பதே காரணம். குழந்தைக்கு உடம்பை ஒப்பிடத் தலை கனம். கழுத்தும் இன்னும் உறுதிப்பட்டிருக்காது. தண்ணீரில் விழுந்தால் முகம் மேலே வர வேண்டும். பொருந்தாத ஜாக்கெட் உடம்பை மட்டும் மிதக்கவிட்டு முகத்தைக் கவிழ்த்துவிடும். நம் ஊர்ப் பிள்ளைகளில் பலர் 8 கிலோவைத் தொடுவதே முதல் பிறந்தநாளை ஒட்டித்தான். எனவே ஒரு வயது வரைக்கும் பொறுத்திருப்பது நல்லது என்று சொல்லிவருகிறேன்.

ஆழம் பற்றிக் கேட்டீர்கள். குளிக்கிற வாளித் தண்ணீரே கைக்குழந்தைக்கு ஆபத்து. அலையாத்திக் காட்டுக் கால்வாயில் இடுப்பளவுதான் தண்ணீர் என்றாலும், அடியில் சேறும் வேரும் இருக்கும். அதற்குள் விழுந்த குழந்தையைத் தேடி எடுப்பது பெரியவர்களுக்கு லேசான காரியமில்லை.

பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் கட்டாயம் அங்கே கூட்டிப் போங்கள், அருமையான இடம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். குறுகலான கால்வாயில் கிளைகள் முகத்துக்கு நேரே வரும், பிள்ளைகள் கை நீட்டிப் பறிப்பார்கள். அந்தக் காட்டில் தில்லை மரமும் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான அதே மரம்தான். அதன் பால் தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் கொஞ்ச நேரம் பார்வையே மங்கிப்போகும். கோயிலில் கும்பிடலாம், படகில் தொடக் கூடாது.

ஒன்றரை வயது மகளுக்கு லைஃப் ஜாக்கெட் வாங்கலாம் என்று ஆன்லைனில் பார்த்தால் நூறு வகை இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது? படகுத்துறையில் கொடுப்பதே போதாதா? (வாசகர், கோயம்புத்தூர்)

படகுத்துறையில் கிடைப்பது பெரும்பாலும் பெரியவர்கள் அளவு, மிஞ்சிப்போனால் பள்ளிப் பிள்ளைகள் அளவு. அதை ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே போகும், பிள்ளை கீழே நழுவும். அதனால் சொந்தமாக ஒன்று வாங்குவதுதான் சரி. விலையைப் பார்த்துத் தயங்குகிறவர்களிடம், பிறந்தநாள் கேக்குக்கு எவ்வளவு செலவழித்தீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். கொஞ்சம் கடுப்பான பேச்சுதான், ஆனால் வேலை செய்கிறது.

ஜாக்கெட்டின் உள்பக்க லேபிளில் எத்தனை கிலோ முதல் எத்தனை கிலோ வரை என்று அச்சிட்டிருக்கும். உங்கள் பிள்ளை அதற்குள் வர வேண்டும். 'வளர்ந்ததும் போட்டுக்கொள்ளட்டும்' என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கும் பழக்கம் சட்டையோடு நிற்கட்டும். அடுத்து, தலைக்குப் பின்னால் தலையணை மாதிரி ஒரு காலர் இருக்க வேண்டும், மல்லாந்து மிதக்கும்போது தலையைத் தாங்குவது அதுதான். கால்களுக்கு நடுவே ஒரு பட்டை, கழுத்துக்குப் பின்னால் தூக்கி எடுக்க ஒரு கைப்பிடி. இந்த மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் வாங்காதீர்கள். நிறம் ஆரஞ்சோ பளீர் மஞ்சளோ இருக்கட்டும். நீலம் புகைப்படத்தில்தான் அழகு, தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது.

மிதக்கவைக்கும் விசையை நியூட்டன் என்ற அளவில் குறித்திருப்பார்கள். லேபிளில் 50 நியூட்டன் என்று இருந்தால் அது நீந்தத் தெரிந்தவர்களுக்கு மிதக்க உதவும் சாதனம். நினைவிழந்தவரை முகம் மேலே இருக்கும்படி புரட்டிப்போடும் என்று நம்ப முடியாது. பிள்ளைக்கு 100 நியூட்டன் என்று தேடுங்கள். கையில் மாட்டும் காற்றடைத்த வளையம், வாத்து மிதவை எல்லாம் விளையாட்டுப் பொருள். படகில் அவற்றுக்கு இடமே இல்லை.

வாங்கி வந்ததும் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். எல்லா பக்கிளையும் மாட்டி, தோள்பட்டையில் இரண்டு பக்கமும் பிடித்துப் பிள்ளையை மெதுவாகத் தூக்குங்கள். ஜாக்கெட் மட்டும் ஏறி வந்து பிள்ளையின் தாடையும் காதும் அதற்குள் மறைந்தால், அளவு தப்பு. என் மூத்தவளுக்கு இரண்டு வயதில் ஒரு ஏரியில் வாடகை ஜாக்கெட் மாட்டி, ஏறுவதற்கு முன் இப்படித் தூக்கிப் பார்த்தேன். ஜாக்கெட் என் கையில், அவள் தரையில். சிரித்துக்கொண்டே நின்றாள். அன்று படகு சவாரி ரத்து, பஜ்ஜியோடு திரும்பிவிட்டோம்.

குழந்தையை முன்பக்கம் கட்டிக்கொள்ளும் கேரியரில் வைத்து, அதற்கு மேல் நான் பெரிய ஜாக்கெட் போட்டுக்கொள்ளலாம்தானே? (வாசகி, சென்னை)

கூடவே கூடாது. நீங்கள் தண்ணீரில் விழுந்தால் குழந்தை உங்கள் ஜாக்கெட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவே தண்ணீருக்கடியில் மாட்டிக்கொள்ளும். சேலையில் தூளி மாதிரி கட்டிக்கொள்வதற்கும் இதே பதில்தான். பிள்ளையைப் படகின் பலகையோடோ கம்பியோடோ கட்டிவைக்கவும் கூடாது, கவிழ்ந்தால் படகோடு போய்விடும். உங்களுக்கு ஒரு ஜாக்கெட், குழந்தைக்குத் தனி ஜாக்கெட்.

'கடலோரத்துப் பிள்ளைகள் ஜாக்கெட் போட்டா வளர்ந்தார்கள்? நான் நீச்சல் தெரிந்தவன், பேரனை மடியில் வைத்துக்கொள்கிறேன்' என்று மாமனார் சொல்கிறார். என்ன பதில் சொல்வது? (வாசகி, திருச்செந்தூர்)

மாமனாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் நீச்சலில் எனக்குச் சந்தேகமில்லை. படகு சட்டென்று சாயும்போது யாராக இருந்தாலும் கை தானாகப் பலகையைப் பிடிக்கப் போகும். அந்த நொடியில் மடியிலிருப்பது நழுவும். ஒரு கையில் குழந்தையைத் தூக்கிப்பிடித்து வேட்டியோடு நீந்துவது எப்படி என்று, ஆழமில்லாத இடத்தில் ஐந்து கிலோ அரிசி மூட்டையை வைத்து அவரே முயன்று பார்க்கட்டும்.

மீனவர்களைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு பாதி மறந்துபோயிருக்கிறது. எனக்குத் தெரிந்த மீனவக் குடும்பங்கள் எதுவும் கைக்குழந்தையைத் தொழிலுக்குப் போகும் படகில் ஏற்றியதில்லை. கடலைத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்தப் பயமும் இருக்கிறது.

ஒகேனக்கல் பரிசலில் மூன்று வயதுப் பிள்ளையை ஏற்றலாமா? (வாசகர், தர்மபுரி)

நான் ஏற்ற மாட்டேன். பரிசல் வட்டமானது, அதற்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை. பரிசல்காரரின் துடுப்பு ஒன்றுதான் அதை நேராக வைத்திருக்கிறது. ஓட்டுகிறவர் கெட்டிக்காரராக இருந்தாலும் ஆறு ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, சுற்றிலும் பாறை. சிலர் உற்சாகத்தில் 'ஒரு சுற்று சுற்றிக் காட்டட்டுமா' என்பார்கள். பிள்ளை மிரண்டு எழுந்து நின்றால் போதும்.

ஐந்தாறு வயதுக்கு மேல், பொருந்துகிற ஜாக்கெட்டோடு, தண்ணீர் வரத்து குறைவாக இருக்கும் நாளில் போகலாம். வரத்து அதிகமானால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடும். அந்தச் சமயத்தில் 'வேறு வழியாகக் கூட்டிப் போகிறேன்' என்று யாராவது சொன்னால் திரும்பிப் பார்க்காமல் மீன் வறுவல் கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

படகில் பிள்ளை வாந்தி எடுப்பான் என்று மாத்திரை கொடுத்துவிடலாமா? வயது ஒன்றே முக்கால். (வாசகர், மதுரை)

கொடுக்காதீர்கள். அவோமின் என்று கடையில் கிடைக்கும் மாத்திரையில் இருப்பது புரோமெத்தசின். இரண்டு வயதுக்குக் கீழே அது மூச்சையே மந்தமாக்கிவிடக் கூடும். இந்த வயதில் படகுக் குமட்டலும் அவ்வளவாக வராது. ஏறும் முன் வயிறு முட்ட ஊட்டாதீர்கள், படகின் நடுவில் உட்காருங்கள், அரை மணி நேரத்தில் இறங்குங்கள். மருந்து வேண்டுமென்றால் உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான்.

நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி இருக்கு. ஆனித் திருவிழாவுக்கு மூன்று வயது மகனையும் ஒன்றரை வயது மகளையும் கூட்டிக்கொண்டு குறிகாட்டுவானில் படகு ஏற வேண்டும். என்னென்ன கவனிக்கோணும் அண்ணா? (வாசகி, யாழ்ப்பாணம்)

தங்கச்சி, நேர்த்தியைத் தள்ளிப்போடச் சொல்ல மாட்டேன், நேரத்தைப் பார்த்துப் போகலாம். ஆனி மாதம் உங்கள் பக்கம் சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும் காலம். பொழுது ஏற ஏறக் காற்றும் ஏறும். விடியற்காலைப் படகைப் பிடியுங்கள், சனமும் குறைவு, வெயிலும் குறைவு. திரும்பும்போது கூட்டம் முண்டியடித்தால் அந்தப் படகை விட்டுவிட்டு அடுத்ததில் வாருங்கள்.

கூட்டத்தைப் பற்றி இவ்வளவு சொல்ல ஒரு காரணம் உண்டு. கேரளத்தில் தானூரில் 2023 மே 7 அன்று இருட்டும் நேரத்தில் கவிழ்ந்த உல்லாசப் படகில் 22 பேர் இறந்தார்கள், நிறையப் பேர் பிள்ளைகள். ஏற்ற வேண்டியதைவிட அதிகம் பேரை ஏற்றியிருந்தார்கள். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று கவிழ்ந்த படகில் 45 பேர் போனார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. சிங்கப்பூரில் சாங்கியிலிருந்து புலாவ் உபின் தீவுக்குப் போகும் சிறு படகில் 12 பேர்தான். பதின்மூன்றாவது ஆள் அடுத்த படகுக்கு நிற்க வேண்டும். எனக்குப் பிடித்த கணக்கு அது.

உங்களுக்கு இரண்டு பிள்ளைகள் என்பதால் இரண்டு பெரியவர்கள் வேண்டும். மகன் யார் பொறுப்பு, மகள் யார் பொறுப்பு என்று வீட்டிலேயே பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். படகுக்குள் இறங்கி உட்காரும் அமைப்பு என்றால் வாசலுக்குக் கிட்ட இடம் பிடியுங்கள். ஏறும்போது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கால் எடுத்து வைக்காதீர்கள். ஒருவர் முதலில் ஏறி நின்று, மற்றவர் கரையிலிருந்து பிள்ளையைக் கைமாற்றிக் கொடுக்கட்டும். நான் பார்த்த சறுக்கல்களில் பெரும்பாலானவை நடுக்கடலில் இல்லை, படகுக்கும் துறைக்கும் இடையே இருக்கும் அந்த ஒரு முழத்தில்தான்.

ஆலப்புழையில் படகு வீட்டில் ஒரு ராத்திரி தங்கப் போகிறோம். இரண்டு வயது மகன் ஓடிக்கொண்டே இருப்பான். அறைக்குள் இருக்கும்போதும் ஜாக்கெட் வேண்டுமா? (வாசகர், ஈரோடு)

கதவைத் தாழிட்ட அறைக்குள் வேண்டாம். வெளியே கால் வைத்தால் வேண்டும், படகு கட்டிக்கிடந்தாலும்தான். பதிவு செய்யும்போதே கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று கேளுங்கள். பிள்ளையின் தலை நுழைகிற இடைவெளி என்றால் வேறு படகு பாருங்கள்.

இன்னொன்று. ஏ.சி.க்காக ஜெனரேட்டர் ஓடும். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ கிடையாது. பிள்ளைகளைத்தான் சீக்கிரம் தாக்கும். புகைபோக்கி பக்கத்தில் இருக்கும் அறையை வாங்காதீர்கள். இன்ஜின் படகு எதுவானாலும் பின்பக்கம் பிள்ளைக்கு ஆகாது.

போன மாதம் ஏரியில் என் மகள் தவறி விழுந்து இரண்டு மடக்கு தண்ணீர் குடித்துவிட்டாள். உடனே தூக்கிவிட்டோம். அக்கம்பக்கத்தில் தலைகீழாகப் பிடித்து வயிற்றை அமுக்கச் சொன்னார்கள். அது சரியா? இரண்டு நாள் கழித்தும் ஆபத்து வரும் என்று வாட்ஸ்அப்பில் படித்துத் தூக்கமே போயிற்று. (வாசகி, சேலம்)

முதலில், அவள் நன்றாக இருக்கிறாள் இல்லையா? சரி, நீங்களும் தூங்கலாம்.

தலைகீழாகப் பிடிப்பது, தலைக்கு மேல் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எல்லாமே தப்பு. வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும், மூச்சு கொடுக்க வேண்டிய நேரமும் வீணாகும். அழுது, இருமி, மூச்சு விடுகிற பிள்ளையை ஈரத்துணி மாற்றிக் கதகதப்பாக அணைத்துக்கொண்டால் போதும். அடுத்த 8 மணி நேரம் கண்காணியுங்கள். இருமல் நிற்காவிட்டால், மூச்சு வேகமானால், மூச்சிழுக்கும்போது விலா குழிந்தால், உதடு நீலமானால், வழக்கத்துக்கு மாறாகத் துவண்டு தூங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அந்த நேரம் முழுக்க ஓடி விளையாடிய பிள்ளைக்கு இரண்டு நாள் கழித்து திடீரென்று எதுவும் ஆகாது. அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடுங்கள்.

மூச்சே இல்லாமல் தூக்கினால் நேரம் வேறு மாதிரி ஓடும். ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றவர் உடனே தொடங்க வேண்டும். பிள்ளையைக் கெட்டியான தரையில் மல்லாத்தி, முதலில் 5 முறை மூச்சு ஊத வேண்டும். ஒரு வயதுக்குக் கீழே என்றால் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடுங்கள். ஒவ்வொரு ஊதலுக்கும் நெஞ்சு எழும்ப வேண்டும். அசைவில்லை என்றால் நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், பிறகு 2 மூச்சு, மறுபடி 30. கைக்குழந்தைக்கு நெஞ்சை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரல்களால் 4 சென்டிமீட்டர் ஆழம், பெரிய பிள்ளைக்கு ஒரு உள்ளங்கையால் 5 சென்டிமீட்டர். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. இதைப் படித்துக் கற்க முடியாது, பொம்மையை வைத்து ஒரு முறையாவது கையால் செய்து பார்க்க வேண்டும். கடலில் நடந்தால் இந்தியக் கடலோரக் காவல்படை எண் 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093. இரண்டையும் இப்போதே போனில் ஏற்றிவையுங்கள்.

ஜாக்கெட்டைப் பார்த்தாலே என் மகன் வீரிட்டு அழுகிறான். அடுத்த வாரம் கொடைக்கானல். என்ன செய்ய? (வாசகி, திண்டுக்கல்)

ஒரு வாரம் தாராளம். இன்றைக்கே ஜாக்கெட்டைக் கூடத்தில் மற்ற பொம்மைகளோடு போட்டுவையுங்கள், நீங்களாக மாட்டிவிட வேண்டாம். நாளைக்கு அவனுடைய கரடி பொம்மைக்கு மாட்டி உட்காரவையுங்கள். அப்புறம் அவன் கண்ணெதிரே அப்பா தன் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்காரட்டும். நாலாம் நாள் பெரும்பாலும் பிள்ளையே கேட்பான். அப்போதும் இரண்டு நிமிடம் போட்டுக் கழற்றிவிடுங்கள், வீட்டுக்குள் அது வேர்க்கும். கொடைக்கானல் போயும் அழுதான் என்றால், ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வாருங்கள். சைக்கிளும் வாடகைக்குக் கிடைக்கும்.