கல்மரமும் ஆதாமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகள் ஏழாவது படிக்கிறாள். பள்ளியில் திருவக்கரைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே கிடக்கும் கல்மரங்களுக்கு 2 கோடி வருஷம் வயது என்று சொன்னார்களாம். ஞாயிறு பள்ளியிலோ உலகத்துக்கே 6,000 வருஷம்தான் என்கிறார்கள். "ரெண்டுல எதும்மா பொய்?" என்று கேட்கிறாள். என்ன சொல்ல?
– வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: முதலில் அந்த 6,000-ஐ எடுத்துக்கொள்வோம். வேதாகமத்தின் எந்த வசனத்திலும் அந்த எண் கிடையாது. அது கூட்டிப் போட்ட கணக்கு. மகளையும் உட்காரவைத்து ஆதியாகமம் 5-ம் அதிகாரத்தைத் திறந்து ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பிள்ளை பிறந்தபோது தகப்பனுக்கு என்ன வயது என்பதே கணக்கு: ஆதாம் 130, சேத் 105, ஏனோஸ் 90, கேனான் 70, மகலாலெயேல் 65, யாரேத் 162, ஏனோக்கு 65, மெத்தூசலா 187, லாமேக்கு 182, நோவா 500. வெள்ளம் வந்தபோது நோவாவுக்கு 600 வயது என்பதால் இன்னும் ஒரு 100. ஆக, வெள்ளம் வரை 1,656 வருஷம். அப்புறம் 11-ம் அதிகாரத்து வம்சம், ராஜாக்களின் ஆட்சிக்காலம் என்று கூட்டிக்கொண்டே வந்தார் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர். 1650-ல் அவர் வெளியிட்ட முடிவு: படைப்பு நடந்தது கி.மு. 4004, அக்டோபர் 23. 1701 முதல் ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் இந்த ஆண்டுகளை அச்சடித்தார்கள். வசனத்துக்குப் பக்கத்திலேயே அச்சாகி வந்ததால் அதுவும் வசனம் மாதிரியே ஆகிவிட்டது.

கூட்டலில் தப்பில்லை. கூட்டிய எண்களில்தான் சிக்கல். பழைய ஏற்பாட்டின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் சேத் பிறந்தபோது ஆதாமுக்கு 130 அல்ல, 230. இப்படிப் பலருக்கும் நூறு நூறாக ஏறி, வெள்ளம் வரையிலான காலம் ஏறக்குறைய 600 வருஷம் நீண்டுவிடுகிறது. ஆதித் திருச்சபை பெரும்பாலும் வாசித்தது அந்தக் கிரேக்கப் பிரதியைத்தான். இன்னொன்று: மத்தேயு 1:8-ல் "யோராம் உசியாவைப் பெற்றான்" என்றிருக்கிறது. 1 நாளாகமம் 3:11, 12-ஐப் பாருங்கள். நடுவில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று பேர். எள்ளுப்பேரனைத்தான் 'பெற்றான்' என்று எழுதியிருக்கிறார்கள். வம்ச அட்டவணையில் ஆள் விடுபடுவது அந்தக் காலத்து வழக்கம். ஆதியாகமத்தில் வயதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறதே, அங்கே எப்படி விடுபடும் என்று இளம்பூமிக் கொள்கைக்காரர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கிரேக்கப் பிரதியின் 600 வருஷத்துக்கு அவர்களும் பதில் சொல்லியாக வேண்டும்.

இனி கல்மரம். மேடையில் அடிக்கடி காதில் விழுவது, "கார்பன் டேட்டிங்கை நம்ப முடியாது" என்பது. கல்மரத்தின் வயதைக் கார்பனை வைத்துச் சொல்லவே இல்லை. அந்த முறை சுமார் 50,000 வருஷத்துக்கு மேல் வேலை செய்யாது. மரம் கிடக்கும் பாறைப் படிவத்தின் வயதுதான் மரத்தின் வயது. அந்தப் படிவத்துக்குப் புவியியலாளர்கள் வைத்த பெயரே 'கடலூர் மணற்கல்'! மரங்கள் நிற்கவில்லை, படுத்துக் கிடக்கின்றன. கிளையோ இலையோ வேரோ இல்லை. வேறெங்கோ வளர்ந்ததை ஆறு அடித்துவந்து மணலில் புதைத்திருக்கிறது. நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் ஒவ்வொரு நுண்ணறையிலும் ஊறி, மரம் இருந்த இடத்தில் கல் உட்கார்ந்துகொண்டது. அடுத்தமுறை போனால் வெட்டுமுகத்தை மகள் உற்றுப் பார்க்கட்டும். மரத்தின் இழை கல்லில் அப்படியே தெரியும்.

சபைகள் என்ன சொல்கின்றன? கத்தோலிக்கத் திருச்சபையில் திருத்தந்தை 12-ம் பயஸ் 1950-லேயே மனித உடல் முந்தைய உயிரிலிருந்து வந்ததா என்று ஆராயத் தடையில்லை என்றார். ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. 1996-ல் 2-ம் ஜான்பால், பரிணாமம் வெறும் ஊகம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார். பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் ஆறு நாள் என்றால் 24 மணி நேர நாள்தான். லுத்தரன், சி.எஸ்.ஐ. ஆயர்களிடையே இரண்டு விதமாகவும் பேசுவோர் உண்டு. உங்கள் சபை எதுவானாலும் மகளிடம் ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களையும் அடுத்தடுத்துப் படிக்கக் கொடுங்கள். முதல் அதிகாரத்தில் மிருகங்களுக்குப் பிறகு மனிதன். இரண்டாவதில் மனிதனுக்குப் பிறகு மிருகங்கள் (2:19). சூரியன் வருவதே நாலாம் நாள். அதற்கு முன்பே மூன்று சாயங்காலமும் விடியற்காலமும் ஆகிவிடுகின்றன. இறையியலாளர் அகுஸ்தீனார் 1,600 வருஷத்துக்கு முன்பே இதில் நின்று யோசித்திருக்கிறார். இது நாள்குறிப்பு எழுதும் நடை அல்ல என்று பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

ஒரு கொசுறு. இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கற்கோடரியை 1863-ல் பல்லாவரத்தில் கண்டெடுத்தவர் ராபர்ட் புரூஸ் ஃபுட். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், வேதாகமத்தைத் தமிழாக்கும் பணியில் முன்னின்ற மிஷனரி.

கேள்வி: ஏவாளுக்காக ஒரு விலா எலும்பை எடுத்ததால் ஆண்களுக்கு ஒரு எலும்பு குறைவு என்று எங்கள் உபதேசியார் சொன்னார். உண்மையா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: இல்லை. ஆணுக்கும் 12 ஜோடி, பெண்ணுக்கும் 12 ஜோடி. விபத்தில் கை போனவருக்குப் பிள்ளை கையோடுதானே பிறக்கிறது?

'விலா எலும்பு' என்ற இடத்தில் மூலத்தில் இருக்கும் எபிரெயச் சொல் 'சேலா'. யாத்திராகமம் 25:12-ல் உடன்படிக்கைப் பெட்டியின் 'பக்கம்' என்பதும் இதே சொல்தான். பக்கத்திலிருந்து எடுத்தார் என்று வாசித்தாலும் பொருந்தும். 'ஏற்ற துணை' என்பதை வைத்துக் கல்யாண மேடையில் பெண்ணை எடுபிடி ஆக்குகிறார்களே, அதற்கும் மூலத்தில் இடமில்லை. அங்கே இருப்பது 'ஏசெர்'. சங்கீதம் 121-ல் "எனக்கு ஒத்தாசை வரும்" என்று கடவுளிடமிருந்து எதிர்பார்க்கும் ஒத்தாசையும் ஏசெர்தான். கடவுளை யாரும் எடுபிடி என்று சொல்லமாட்டார்கள்.

கேள்வி: நான் சி.எஸ்.ஐ., மனைவி கத்தோலிக்கர். வீட்டில் இரண்டு வேதாகமம். என்னுடையதில் ஆதியாகமம் 2:7 "மனுஷன் ஜீவாத்துமாவானான்" என்கிறது. அவருடையதில் "உயிர் உள்ளவன் ஆனான்" என்றிருக்கிறது. ஆத்துமாவையே எடுத்துவிட்டார்களா?
– வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: யாரும் எடுக்கவில்லை. மூலத்தில் 'நெஃபெஷ் ஹயா' என்று இருக்கிறது. உங்கள் பழைய மொழிபெயர்ப்பிலேயே 1:24-க்குப் போங்கள். பூமி பிறப்பிக்கும் 'ஜீவஜந்துக்கள்' என்ற இடத்திலும் அதே நெஃபெஷ் ஹயாதான். மாட்டுக்கு வந்தால் ஜீவஜந்து, மனிதனுக்கு வந்தால் ஜீவாத்துமா என்று மொழிபெயர்த்தவர்கள் பிரித்துவிட்டார்கள். மனைவியின் பொது மொழிபெயர்ப்பு (1995) அந்தப் பிரிவைத் தளர்த்தியிருக்கிறது.

'நெஃபெஷ்' ஆதியில் தொண்டையையும் அதில் ஓடும் மூச்சையும் குறித்த சொல். சங்கீதம் 69:1-ஐ இரண்டிலும் பாருங்கள். உங்களுடையதில் வெள்ளம் 'ஆத்துமாமட்டும்' பெருகிவரும். அவருடையதில் 'கழுத்தளவு' வரும். கெடிலம் ஆற்றின் கரை உடைந்து தண்ணீரில் நின்றவர்களுக்கு இரண்டாவது சட்டென்று புரியும். ஒவ்வொரு மனிதனின் ஆன்மாவையும் கடவுள் நேரடியாகப் படைக்கிறார் என்பது கத்தோலிக்கப் போதனை. ஆனால் அது இந்த ஒரு சொல்லின்மேல் நிற்கவில்லை. மண்ணும் மூச்சும் மனிதனுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் பொது. மனிதனுக்கு மட்டும் சொன்னது 1:26-ல் வரும் கடவுளின் சாயல். மனிதனுக்கே 'ஆதாம்' என்ற பெயர், மண்ணுக்கான 'அதாமா' என்ற சொல்லோடு ஒட்டியதுதான்.

உங்கள் மொழிபெயர்ப்பின் நடைக்குப் பின்னால் ஜெர்மானிய மிஷனரி பப்ரிசியுஸ் ஐயரின் உழைப்பு நிறைய. 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது எடுத்துப்போன அச்சுப்பொறிதான் வேப்பேரியில் அவர் கைக்கு வந்தது. ஒருவர் இழப்பில் இன்னொருவர் வேதாகமம்!

கேள்வி: மறைக்கல்வி ஆசிரியை நான். வகுப்பில் டவுன் சிண்ட்ரோம் உள்ள பையன் ஒருவன். 'தேவசாயல் என்றால் பகுத்தறிவு' என்று பாடத்தில் இருக்கிறது. அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.
– வாசகி, அரியாங்குப்பம்

பதில்: சொல்லாதீர்கள். பகுத்தறிவுதான் சாயல் என்பது அகுஸ்தீனார், அக்குவினாஸ் போன்ற இறையியலாளர்கள் வழியாக வந்த விளக்கம். மதிப்புள்ள மரபுதான், ஆனால் ஆதியாகமம் அப்படி எழுதவில்லை. மூலச்சொல் 'செலெம்', அதாவது சிலை. தானியேல் 3-ல் நேபுகாத்நேச்சார் நிறுத்திய பொற்சிலைக்கும் அரமேயத்தில் இதே சொல். அந்தக் காலத்து ராஜா தான் போகமுடியாத ஊரில் தன் சிலையை நிறுத்துவான்; சிலையைத் தொட்டால் ராஜாவைத் தொட்ட மாதிரி. ஆதியாகமம் 9:6 கொலையைத் தடுப்பதும், யாக்கோபு 3:9 மனிதரைச் சபிக்கிற நாக்கைக் கண்டிப்பதும் மனிதன் கடவுளின் சாயல் என்ற காரணத்தைச் சொல்லித்தான். எந்த இடத்திலும் 'அறிவுள்ள மனிதன்' என்று அடைமொழி இல்லை.

வகுப்பில் ஒன்று செய்யலாம். ஒரு கண்ணாடியைச் சுற்றிவிட்டு ஒவ்வொரு பிள்ளையும் தன் முகத்தைப் பார்த்து "கடவுளின் சாயல்" என்று சொல்லட்டும். அவனும் சொல்வான், அல்லது சிரிப்பான், இரண்டும் பதில்தான். மனப்பாடக் கேள்வியை அவனுக்கு வைக்காதீர்கள். சொல்லுக்குப் பதில் படம், ஒரு வகுப்புக்கு ஒரே கருத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க ஒரு வேலை. 'இவனுக்குப் புரியாது, முதல் நன்மை வேண்டாம்' என்று யாராவது சொன்னால், குறைபாடுள்ளவர்களுக்கும் இயன்ற அளவு மறைக்கல்வி கொடுக்கப் பங்குத்தந்தையைக் கடமைப்படுத்தும் திருச்சபைச் சட்டம் 777-ஐக் காட்டுங்கள்.

கேள்வி: சகல ஜனங்களையும் கடவுள் "ஒரே இரத்தத்தினாலே தோன்றப்பண்ணி" என்று பிரசங்கம் கேட்கிறோம். கல்லறைத் தோட்டத்தில் மட்டும் எங்கள் தெருவுக்குத் தனி மூலை. இதைக் கேட்டால் 'அது பழக்கம்' என்கிறார்கள்.
– வாசகர், உப்பளம்

பதில்: பழக்கத்துக்கு இந்த ஊரிலேயே பழைய பதில் இருக்கிறது. 1745-ல் புதுச்சேரிக் கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பாதிக்கப்பட்டவர்களே திரண்டுபோய்க் குருவைக் கேட்டார்கள், சுவர் இடிபட்டது.

அப்போஸ்தலர் 17:26-ல் பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் 'இரத்தம்' என்ற சொல் இல்லை. 'ஒருவரிலிருந்து' என்று மட்டும் இருக்கும். யாராவது இதைக் காட்டி மடக்கினால் கலங்க வேண்டாம், அது இன்னும் நெருக்கமான உறவைத்தான் சொல்கிறது. ஆனால் வசனச் சண்டையால் மூலை மாறாது. பங்குப் பேரவையில் எழுத்தில் கேளுங்கள்: கல்லறைக்கு ஒரே பதிவேடு, ஒரே வரிசை எண், அடுத்து இறப்பவருக்கு அடுத்த காலிக் குழி. தீர்மானத்தைக் குறிப்பேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். சறுக்கும் இடம் 'குடும்பக் கல்லறை'. பணம் கட்டி முன்பதிவு என்ற பெயரில் பழைய மூலைகள் திரும்பி வரும். புதிதாகக் குடும்பக் கல்லறைக்கு இடம் ஒதுக்குவதில்லை என்பதையும் அதே தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: சாம்பல் புதனுக்கு எங்கள் இளைஞர் குழுதான் சாம்பல் தயாரிக்கிறது. போன வருஷம் சிலருக்கு நெற்றி எரிந்து சிவந்துவிட்டது. குருத்தோலைச் சாம்பல் எப்படிச் சுடும்?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: தண்ணீர் விட்டுக் குழைத்திருப்பீர்கள். ஓலைச் சாம்பலில் காரம் உண்டு; அந்தக் காலத்தில் துணி வெளுக்கச் சாம்பல் நீர் கலந்தது அதனால்தான். நீர் பட்டதும் காரம் கரைந்து தோலைத் தின்னும். வெள்ளைச் சாம்பலாகும்வரை எரித்திருந்தால் இன்னும் மோசம்.

இரண்டு வாரம் முன்பே பழைய குருத்தோலைகளை வாங்கிவையுங்கள். கட்டிய நூல், பிளாஸ்டிக் பூ, வர்ணம் எல்லாவற்றையும் உரித்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, இரண்டு அங்குலமாக நறுக்குங்கள். கூரைப் பக்கம் இல்லாமல் திறந்தவெளியில் இரும்புச் சட்டியில் கொளுத்தி, தீ தணியத் தொடங்கியதும் தட்டு போட்டு மூடிவிடுங்கள். காற்றில்லாமல் அணைந்தால் கரியாகக் கறுத்து நிற்கும். அந்தக் கறுப்புதான் நெற்றியில் தெரியும், காரமும் குறைவு. இரவு முழுக்க ஆறட்டும். உள்ளே கங்கு இருந்தால் டப்பாவே உருகும். காலையில் அம்மியில் நுணுக்கி வேட்டித் துணியில் சலியுங்கள். ஒரு கூடை ஓலைக்கு ஒரு கைப்பிடிதான் தேறும். 200 பேருக்கு இரண்டு மேசைக்கரண்டி தாராளம்.

உலர்ந்தபடியே பூசலாம். ஒட்டவில்லை என்றால் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய், அதற்குமேல் வேண்டாம். கூடினால் வெயிலில் மூக்கில் வழியும். முந்தின நாளே இரண்டு பேர் முழங்கையின் உட்புறம் தடவிப் பாருங்கள். தண்ணீர்ச் செம்பைப் பீடத்துப் பக்கமே வைக்காதீர்கள். அவசரத்தில் யாராவது விரலை நனைத்துவிடுவார்கள். மந்திரித்ததில் மிஞ்சியதைக் குப்பையில் கொட்டாமல், கோயில் வளாகத்தில் கால் படாத இடத்தில் ஒரு குழி தோண்டி மண்ணோடு மூடிவிடுங்கள்.