பழைய ஜாகுவார், புதுப் பெயின்ட்: வாசகர் கேள்விகள்

இந்த முறை பழைய பிரிட்டிஷ் கார்கள் பற்றி வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி (லெஸ்டர்): 1972 எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். சிவப்பு, பெயின்ட் கண்ணைப் பறிக்கிறது. முழுக்கப் புதுப்பித்தது என்கிறார் விற்பவர். எஞ்சினைத் தவிர வேறு என்ன பார்க்க வேண்டும்?

பதில்: எஞ்சினைக் கடைசியில் பாருங்கள். 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்த கார் அது; அந்த 1798 சிசி எஞ்சினுக்கு இன்றைக்கும் பாகங்கள் தாராளமாகக் கிடைக்கும், விலையும் கையைக் கடிக்காது. காசைத் தின்பது பாடிதான். எம்ஜிபிக்குத் தனியாகச் சேஸி என்கிற அடிச்சட்டம் கிடையாது. கதவுகளுக்கு அடியில் இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் சில் என்கிற தகட்டுப் பெட்டிதான் பாரத்தைத் தாங்குகிறது, அதற்குள்ளே அடுக்கடுக்காகத் தகடு இருக்கிறது, உள்தகட்டின் துருவை அப்படியே விட்டுவிட்டு வெளித்தகட்டை மட்டும் புதிதாக வெல்டிங் செய்து பெயின்ட் அடித்து விற்கிறவர்கள் நிறைய. நான் வாங்கிய முதல் எம்ஜிபி அந்த ரகம். ஜாக்கி போட்டுத் தூக்கியதும் கதவைத் திறக்க முடியவில்லை, பாடி அவ்வளவு தளர்ந்திருந்தது. சில்லின் அடியில் விரலால் அழுத்தினேன், துருவை மூடப் பூசியிருந்த பட்டி, ஊறிய பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். சில்லிலும் சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவிலும் அது ஒட்டாத இடமெல்லாம் பட்டிதான். அப்புறம், வேலை நடந்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். இல்லை என்றால் புதுப்பிக்காத காருக்கு என்ன விலையோ அதை மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி (ஹாரோ): 40 வயது தாண்டிய காருக்கு, ஓட்டத் தகுதியானதா என்று வருஷாவருஷம் பார்க்கிற எம்ஓடி சோதனை தேவையில்லையாமே?

பதில்: 2018 மே மாதத்திலிருந்து பெரும்பாலானவற்றுக்குச் சட்டப்படி தேவையில்லை. இருந்தாலும் நீங்கள் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி (பர்மிங்ஹாம்): 1962 ஜாகுவார் இ-டைப் கூப்பே (கூரை மூடிய கார்) ஒன்றை ஒரு கார் வியாபாரியிடம் வாங்கினேன். தொழிற்சாலையிலிருந்தே வலப்பக்க ஸ்டியரிங்கோடு வந்தது என்று விளம்பரத்தில் எழுதியிருந்தார். மூன்று வாரம் கழித்து மெக்கானிக், இது அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பிய கார் என்கிறார். சேஸி எண் 885 என்று தொடங்குகிறது. பணம் போனது போனதுதானா?

பதில்: போகவில்லை. உங்கள் கார் தொழிற்சாலையில் இடப்பக்க ஸ்டியரிங்கோடு செய்தது, ஆக மெக்கானிக்கின் சந்தேகம் நியாயமானது. 3.8 லிட்டர் கூப்பேயில் வலப்பக்க ஸ்டியரிங் கார்களின் எண் 860001-இல் தொடங்கும், இடப்பக்கம் 885001-இல். கூரை திறக்கும் காரில் அதே வரிசை 850001, 875001. ஒரு தகட்டைக் குனிந்து படித்தால் தெரிந்துவிடுகிற விஷயத்தை ஒரு வியாபாரி தெரியாமல் எழுதினார் என்று நான் நம்பமாட்டேன்.

ஸ்டியரிங் மாற்றியதை மறைத்து விற்பதைப் பற்றிப் பல வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். போருக்குப் பிறகு பிரிட்டனில் எஃகுக்குப் பஞ்சம், ஏற்றுமதி செய்கிற கம்பெனிக்குத்தான் முதலில் ஒதுக்கீடு. 1948-இல் எக்ஸ்கே120 ஸ்போர்ட்ஸ் கார் வெளிவந்த காலத்திலேயே ஜாகுவார் நிறுவனர் வில்லியம் லயன்ஸ் அமெரிக்கச் சந்தையைக் குறிவைத்தார். 1961 மார்ச்சில் ஜெனீவாவில் இ-டைப்பைக் காட்டியபோதும் அதே கணக்குதான், செய்ததில் பெரும்பகுதி கப்பலேறிப் போனது. பின்னாளில் விலை ஏறியதும், உப்பும் ஈரமும் இல்லாத கலிபோர்னியா பக்கம் துருப்பிடிக்காமல் கிடந்தவற்றைத் திரும்பக் கொண்டுவந்து ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றினார்கள். அதில் தப்பே இல்லை, நல்ல கார்கள் பல அப்படிப் பிழைத்திருக்கின்றன. மாற்றியதை மறைத்து, தொழிற்சாலையிலேயே வலப்பக்கமாக வந்த காரின் விலையை வாங்குவதுதான் திருட்டுத்தனம். ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட்டுக்கு எழுதினால் கார் எந்த எஞ்சின் எண்ணோடு, எந்த நிறத்தில், எந்தத் தேதியில், யாருக்கு அனுப்பப்பட்டது என்று பழைய பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறார்கள். காரின் விலையோடு பார்த்தால் அதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. இருந்தும் கேட்காமலே பணம் கட்டுகிறவர்கள்தான் அதிகம்.

இப்போது செய்ய வேண்டியது: 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரி விற்ற பொருள் அவர் சொன்ன விவரத்துக்கு ஒத்துவராவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். உங்களுக்கு ஒரு வாரம்தான் மிச்சம். இன்றைக்கே எழுத்தில் அனுப்புங்கள், விளம்பரத்தின் நகலையும் சேஸி எண் தகட்டின் படத்தையும் இணையுங்கள், இனிமேல் காரை ஓட்டாதீர்கள். ரசீதில் 'உள்ளது உள்ளபடி விற்பனை' என்று போட்டிருந்தாலும் பயப்படாதீர்கள், அது இங்கே செல்லாது.

கேள்வி (குரோய்டன்): மார்க் 2 ஜாகுவார் ஒன்றைப் படம் பார்த்தே ஒரு தனியாளிடம் வாங்கினேன். 3.8 என்று நினைத்தேன், விளம்பரத்தில் எஞ்சின் அளவு போடவில்லை. வந்திருப்பது 2.4. ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியாது. தனியாள் பொய் சொல்லியிருந்தால் பிடிக்கலாம், அவர் எதுவுமே சொல்லவில்லையே. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுதான். சக்தியில் 120 குதிரை எங்கே, 220 எங்கே. 'எந்த எஞ்சின்?' என்று ஒரு வரி கேட்காமல் இவ்வளவு பணம் அனுப்பியிருக்கிறீர்கள். இந்த மாதிரிக் கடிதம் வாராவாரம் வருகிறது, படிக்கவே அலுப்பாக இருக்கிறது.

கேள்வி (ரெடிங்): 1974 ரோல்ஸ்ராய்ஸ் சில்வர் ஷேடோ மலிவாக வருகிறது. பிரேக் எச்சரிக்கை விளக்கு அவ்வப்போது எரிகிறது, எண்ணெய் ஊற்றினால் போதும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அதன் பிரேக்குக்குப் பின்னால் இருப்பது பிரெஞ்சுக் கார் கம்பெனியான சிட்ரோயனிடம் உரிமம் வாங்கிச் செய்த உயர் அழுத்த ஹைட்ராலிக் ஏற்பாடு. அதற்கு ஆர்ஆர்363 என்ற தனி பிரேக் திரவம்தான். 1980-இல் வந்த சில்வர் ஸ்பிரிட்டுக்கு உரிய மினரல் ஆயிலை இதில் ஊற்றினால் ரப்பர் சீல் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும், மொத்தத்தையும் பிரித்து மாற்ற வேண்டும். 'எண்ணெய்' என்று சொன்னவர் எதை ஊற்றினார் என்று யாருக்குத் தெரியும்? வேறு ஷேடோ பார்க்கும்போது, எஞ்சினைச் சற்று ஓடவிட்டு நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி வைத்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இருங்கள். பத்து மிதிக்குள் விளக்கு எரிந்தால் வந்துவிடுங்கள்.

கேள்வி (சென்னை): தாத்தாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, நாலு கதவு. பாகங்களை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாமா?

பதில்: தாராளமாக. டிரையம்ஃப் ஹெரால்டுக்கு என்று கேளுங்கள், இங்கே அந்தக் காருக்கு அதுதான் பெயர். டிரையம்ஃபின் ஸ்பிட்ஃபயரும் அதே வழியில் வந்த கார் என்பதால் முன்பக்க சஸ்பென்ஷன், பிரேக் சாமான்களுக்குப் பஞ்சமில்லை. பின்கதவை மட்டும் தேடாதீர்கள், இங்கிலாந்து ஹெரால்டில் இரண்டே கதவுதான். நாலு கதவு சென்னைத் தொழிற்சாலையில் செய்தது. உங்களுடைய பின்கதவு எவ்வளவு துருவேறியிருந்தாலும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல் நல்ல டிங்கரிங் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்யுங்கள்.