சொன்னதைச் செய்கிறவர்களுக்கு என்ன கவலை?

கேள்வி: ஜவுளிக்கடை நடத்துகிறேன். கடன், சரக்கு, வரி என்று எல்லாத் தலைவலியும் எனக்குத்தான். கடையில் வேலை பார்ப்பவர்கள் சொன்னதைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் நீங்களோ ‘ஊழியர்களின் மன அழுத்தம்’ என்று எழுதுகிறீர்கள். மாரடைப்பு முதலாளிக்குத்தானே வரும்? மாதம் ஒரு யோகா வகுப்பு வைத்திருக்கிறேன். அது போதாதா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: போதாது. உங்கள் கடன் கவலை பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாரடைப்பு மேலே இருப்பவர்களின் வியாதி என்ற நம்பிக்கை தவறு என்று நிரூபணமாகி ஐம்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன.

லண்டனில் ஒயிட்ஹால் என்பது அரசு அலுவலகங்கள் நிறைந்த பகுதி. 1967-ல் தொடங்கி அங்கே வேலை பார்த்த 17,530 ஆண்களைப் பரிசோதித்து, அதன் பிறகு யார் யாருக்கு என்ன ஆகிறது என்று மருத்துவ ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். ஏழரை ஆண்டுக் கணக்கு 1978-ல் வெளிவந்தது. உயர் அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்கள் இதய நோயில் இறந்த விகிதம் 3.6 மடங்கு! இத்தனைக்கும் எல்லாருக்கும் அரசு வேலை, மாதச் சம்பளம், இலவச அரசு மருத்துவம். யாரும் பட்டினி கிடக்கவில்லை. இன்னொன்று: இது உச்சிக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமல்ல. படிப்படியாக இறங்க இறங்க ஆபத்து கூடிக்கொண்டே போனது.

“கீழே இருப்பவர்கள் பீடி சிகரெட் பிடிப்பார்கள், அதனால்தான்” என்பீர்கள். அங்கேயும் அதிகம் புகைத்தவர்கள் அவர்கள்தான். ஆனால் புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் வித்தியாசத்தின் பெரும்பகுதி அப்படியே நின்றது.

அப்புறம் 1985-ல் மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் மார்மட் தலைமையில் அங்கேயே இரண்டாவது ஆய்வு தொடங்கியது. இதில் பெண்களும் உண்டு. மொத்தம் 10,308 பேர். இந்த முறை வேலையைப் பற்றியும் விரிவாகக் கேட்டார்கள். உன் வேலையை எப்படிச் செய்வது என்று நீ முடிவு செய்ய முடியுமா? எப்போது சற்று ஓய்வு எடுப்பது என்பதாவது உன் கையில் இருக்கிறதா? ‘இல்லை’ என்று சொன்னவர்களுக்குப் பின்னாளில் இதய நோய் அதிகம் வந்தது. புலம்புகிறவர்கள் எதைக் கேட்டாலும் புலம்புவார்கள் என்று தள்ளிவிட முடியாது. ஏனென்றால் எந்த வேலையில் எவ்வளவு சுதந்திரம் என்று நிர்வாகத் தரப்பிலும் தனியாக மதிப்பெண் போடச் சொன்னார்கள். அந்த மதிப்பெண்ணை வைத்துப் பார்த்தாலும் முடிவு அதேதான். ஆக, நீங்கள் சுலபம் என்று சொல்லும் அந்த ‘சொன்னதைச் செய்வது’ இருக்கிறதே, ஆபத்து அதில்தான்.

அரசுக் கட்டடங்களைப் பராமரித்த துறை ஒன்றைத் தனியாருக்கு விற்கப்போவதாக அங்கே பேச்சு வந்தபோது, ஒருவருக்கும் வேலை போவதற்கு முன்பே, அந்த ஊழியர்களின் ஆரோக்கியம் மற்ற துறையினரைவிட மோசமாகிவிட்டது. நாளை என்ன ஆகும் என்று தெரியாமல் வைத்திருப்பதே உடம்பைப் பாதிக்கிறது. அடுத்த வாரம் எந்த ஷிஃப்ட், லீவு உண்டா இல்லையா என்பதைக் கடைசி நிமிடம் வரை சொல்லாத முதலாளிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

யோகா நல்லதுதான், நடத்துங்கள். ஆனால் அது ஊழியரின் உடம்பைத்தான் வளைக்கிறது. வேலை இருந்தபடியே இருக்கிறது. மாற வேண்டியது வேலை. ஷிஃப்ட் போடும்போது அவர்களையும் உட்கார வைத்துப் பேசுங்கள். கழிவறைக்குப் போக யாரும் சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்து நிற்கும் நிலை வேண்டாம். எந்தப் புடவையை எந்த அலமாரியில் வைத்தால் எடுத்துக் காட்ட வசதி என்பது தினமும் எடுத்துக் காட்டும் அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியும், அவரைக் கேட்டு அடுக்குங்கள். இதற்கெல்லாம் ஒரு பைசா செலவில்லை.

சட்டப்படி செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. கடை ஊழியர்கள் எல்லாருக்கும் இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழக சட்டமன்றம் சட்டத்திருத்தம் நிறைவேற்றியது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அவர்கள் உட்காரலாம். உங்கள் கடையில் ஸ்டூல் போட்டாகிவிட்டதா? போட்டிருந்தால், அதில் பயமில்லாமல் உட்காருகிறார்களா என்று நாளைக்கே போய்ப் பாருங்கள்.